சான்று எண் ஏழு

அயனாவரம் டிப்போ எதிர் ஜெராக்ஸ் கடையில்
நம் இரண்டு வருஷப் பேச்சு
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது.
பக்கம் இரண்டு ரூபாய்.
மொத்தமாய்ப் போட்டதால் இருபத்து நான்கு ரூபாய் தள்ளுபடி.
"அண்ணே, பொம்மையெல்லாம் கட்டம் கட்டமா வருது,
பரவால்லியா?"
நீ அனுப்பிய முத்தம், அழுமூஞ்சி,
தீபாவளிக்கு நீ கொளுத்திய மத்தாப்பு
எல்லாம் ஒரே அளவில்
வெற்றுக் கட்டங்கள்.
எது எதுவென்று எனக்குத் தெரியும்.
பரவாயில்லை என்றேன்.

பெயரிலேயே தொடங்கியது சிக்கல்.
ஒற்றை எழுத்தாய் என் முன்னால் நின்ற அப்பா
படிவத்தில் என் பின்னால் போய்
முழுசாய் நிற்கிறார்.
"அன்புள்ள திரு. ஆபத்சகாயம்" என்று
மின்னஞ்சல் வருகிறது.
செத்து ஆறு வருஷமான மனிதருக்கு
அமெரிக்காவிலிருந்து அழைப்பு.

காவல் நிலையத்தில் கேட்டார்கள்:
"அங்க போய் என்ன பண்ணப் போற?"
"பொண்டாட்டிகூட இருக்கப் போறேன் சார்."
"அதுக்கா இவ்ளோ பேப்பர்?"

கல்யாண ஆல்பத்தில் முப்பது படம் பொறுக்கினேன்.
எல்லாவற்றிலும் ஒரு பச்சைப் புடவைக்காரி.
உங்கள் பக்கம் என்று நாங்களும்
எங்கள் பக்கம் என்று நீங்களும்
பாயசம் ஊற்றி அனுப்பிய பெண்.
அதிகாரி விரல் வைத்துக் கேட்டால்
என்ன சொல்வது, சுகிர்தா?
அத்தை என்று முடிவு செய்தோம்.
பிறகு, பொய் வேண்டாமென்று
படங்களை இருபத்தொன்றாகக் குறைத்தோம்.

எனக்குச் சாயங்காலம் ஏழு, உனக்குக் காலை எட்டரை.
தலை வாரிக்கொண்டே அதிகாரி ஆகிறாய்.
"மனைவி கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார்?"
"சுவர்ப் பக்கம்."
"இங்கே கட்டில் நடு ரூமில் இருக்கு, மிஸ்டர் ஆபத்சகாயம்."
நாம் சேர்ந்து தூங்கிய இரவுகள் நாற்பத்தொன்று.
யாரும் கேட்கவில்லை, எண்ணி வைத்திருக்கிறேன்.
"காலையில் முதலில் என்ன குடிப்பார்?"
"காபி. டிகாஷன் தூக்கலா."
"விட்டு எட்டு மாசம் ஆச்சு."
"சொல்லவே இல்லையே?"
"நீ கேக்கவே இல்லையே."
சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டுகிறாய்.
ஓஹையோவில் உனக்கு முடி கொட்டுவதை
இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

நூற்று நாற்பதாம் பக்கத்தில்
செப்டம்பர் பதினான்கு.
அதற்கு நேர் கீழே
செப்டம்பர் இருபத்தைந்து.
வக்கீல் பேனாவால் தட்டினார்:
"இதைக் கேப்பாங்க. போன்ல பேசினோம்னு சொல்லிடுங்க."

பேசவில்லை.
வேலையை விட்டுட்டு நானே வந்துடறேன் என்றாய்.
வராதே என்றேன்.
பைக்கை விற்றிருந்தேன், ராஜினாமா கொடுத்திருந்தேன்,
தெருவே எனக்கு டாட்டா காட்டி முடித்திருந்தது.
உன்னைவிடத் தெருவுக்குப் பயந்தேன்.
இதை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.

பதினோரு நாளும் தட்டித் தட்டி அழித்தேன்.
நீ அந்தப் பக்கம்
'டைப்பிங்' என்று வருவதையும் போவதையும்
பார்த்துக்கொண்டே இருந்தாயாம்.
அது பிரிண்டில் வராது.
பதினோராம் நாள் நீதான் எழுதினாய்:
"ஈ.பி. கட்ட இன்னிக்குக் கடைசி நாள்."

நேற்று மறுபடி அதிகாரி ஆனாய்.
"அந்தப் பதினோரு நாள்?"
"சண்டை, மேடம்."
"எதற்கு?"
சொன்னேன். முழுசாக, முதல் தடவையாக.
அதிகாரி அடுத்த கேள்விக்குப் போகவில்லை.
வெகு நேரம் கழித்து
"பஸ்ஸுக்கு லேட் ஆகுது" என்றாள்.

நாளை ராத்திரி மும்பை ரயில்.
கோப்பில் அடுக்கத் துளை போட்டபோது
அறுபதாம் பக்கத்தில் ஒரு கட்டம்
அப்படியே ஓட்டையாகிவிட்டது.
அதற்கு முன்னால் நான் ஏதோ கேட்டிருக்கிறேன்,
நீ அதை மட்டும் பதிலாய் அனுப்பியிருக்கிறாய்.
எவ்வளவு யோசித்தும்
அது என்னவென்று பிடிபடவில்லை.
உனக்கு எட்டரை ஆகட்டும்,
கேட்கிறேன்.